மூன்று தட்டு கேஸ் ஹீட்டர்: மலைநாட்டு வீட்டுக்கு ஒத்து வருமா?

மார்கழி பிறந்ததும் நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைக் கடைகளில் சில்லு வைத்த கறுப்புப் பெட்டி ஹீட்டர்கள் முன்வரிசைக்கு வந்துவிடும். பெட்டியின் முதுகுப் பக்கம் சிலிண்டரை உள்ளே வைக்கலாம். முன்பக்கம் வலைக்கம்பிக்குப் பின்னால் மூன்று செரமிக் தட்டுகள் இருக்கும். ஒன்றைத் தனியாகவும் எரிக்கலாம், இரண்டையோ மூன்றையோ சேர்த்தும் எரிக்கலாம். "புகை இல்லை, கரன்ட் வேண்டாம், பத்து நிமிஷத்தில் அறை சூடாகிவிடும்" என்று கடைக்காரர் சொல்வது மூன்றும் உண்மை. அவர் சொல்லாமல் விடுவது, இந்தப் பெட்டிக்குப் புகைபோக்கி கிடையாது என்பதை. எரிந்து வெளியாகும் எல்லாமே ஆட்கள் இருக்கும் அறைக்குள்தான் தங்கும்.

அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விருந்தினர் விடுதியின் பெரிய ஹோல், கடை, பழைய பங்களாவின் முன்னறை போன்ற இடங்களுக்கு இது நல்ல சாமான். லயன் காம்பராவுக்கும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறை) எந்தப் படுக்கையறைக்கும் வேண்டாம். சின்ன வீடுகளில் குளிர் குறைவு என்று யாரும் நினைக்கவில்லை. குளிர் அதிகமாகத் தெரிவதே அங்கேதான். ஆனால் கணக்கு இடம் கொடுக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். இந்த வகைப் பெட்டிகளில் ஒவ்வொரு தட்டும் ஏறத்தாழ 1.4 கிலோவொட், மூன்றும் சேர்ந்தால் 4.2 கிலோவொட். அந்த அளவுக்கு 84 கன மீற்றருக்குக் குறைந்த அறையில் வைக்கக் கூடாது என்று பல கையேடுகளில் அச்சாகியிருக்கும். அதாவது கிலோவொட்டுக்கு 20 கன மீற்றர். 20 அடி நீளம், 15 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஹோல் 85 கன மீற்றர் வரும், அது சரி. 10 அடிக்கு 12 அடி காம்பரா, 8 அடி உயரம் என்று வைத்தால் 27 கன மீற்றர்தான். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"அப்படியானால் ஒரு தட்டை மட்டும் எரிக்கலாமே" என்ற கேள்வி வரும். பெருக்கிப் பார்த்தால் 28 கன மீற்றர், கிட்டத்தட்டச் சரிபோலத் தெரியும். ஆனால் கையேடு கணக்குப் பார்ப்பது பெட்டியின் முழு வலுவுக்கு. நடுச்சாமத்தில் குளிர் ஏறும்போது மற்றத் தட்டுகளையும் திருப்பாமல் இருக்கும் ஆள் அரிது. அதோடு காம்பராவில் சமைப்பது, படிப்பது, படுப்பது எல்லாம் ஒரே இடத்தில். குளிருக்குப் பயந்து தகரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கையும் சாக்கை வைத்து அடைத்திருப்பார்கள். காற்று வர மிச்சமிருந்த வழியும் அதுதான்.

மலைநாட்டுக்கென்று இன்னொரு சங்கதி இருக்கிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிவதால் பர்னர் இழுக்கும் ஒட்சிசனும் குறையும், கலவையில் கேஸ் ஓங்கும், எரிதல் அரைகுறையாகும். கொழும்பில் நீலமாக எரியும் பெட்டி இங்கே மஞ்சள் நாக்கு நீட்டலாம். ஒட்சிசன் குறைந்தால் தானாக அணையும் பைலட் (தட்டுகளைப் பற்றவைக்கும் சிறு சுடர்) உள்ள மொடல்கள் உயரத்தில் காரணமில்லாமலே அணைவதும் உண்டு. கையேட்டில் உயர எல்லை போட்டிருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். சில மொடல்கள் 7,000 அடிக்கு மேல் ஒழுங்காக வேலை செய்யாது என்று எழுதியே விற்கப்படுகின்றன. நுவரெலியாவின் 6,128 அடி அந்த எல்லைக்கு அவ்வளவு தூரமில்லை.

இனிப் பொருத்துவது. பெட்டிக்குள் சிலிண்டர் அடங்குமா என்பதைக் கடையிலேயே அளக்க வேண்டும். இறக்குமதிப் பெட்டிகள் வேறு நாட்டுச் சிலிண்டர் அளவுக்குச் செய்யப்பட்டவை. நமது 12.5 கிலோ சிலிண்டரை உள்ளே வைத்து, ரெகுலேட்டரையும் பூட்டி, முதுகு மூடி முழுதாகச் சாத்துகிறதா என்று பாருங்கள். மூடி சாத்தாமல் சிலிண்டரை வெளியே இழுத்து வைத்து ஓட்டுவதைச் சில இடங்களில் காணலாம். அப்படி வைத்தால் ஹோஸ் காலில் தட்டுப்படும், பெட்டி சரியும்.

பெட்டியின் பெயர்த்தகட்டில் அழுத்தம் போட்டிருக்கும். பெரும்பாலும் 30 மில்லிபார் அல்லது அதற்கு அண்டிய அளவு. அதற்கு ஏற்ற, எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர) முத்திரை உள்ள வீட்டுப் பாவனை ரெகுலேட்டரை வாங்குங்கள். ஹோட்டல் அடுப்புக்குப் பூட்டும் திருகு வைத்த உயர் அழுத்த ரெகுலேட்டரை இதில் மாட்டவே கூடாது. சுடர் தட்டைத் தாண்டி வெளியே பாயும். ஹோஸிலும் அதே முத்திரையையும் அதில் அச்சிட்ட திகதியையும் பாருங்கள். வளைத்துப் பார்க்கும்போது மயிர்க்கீறல் தெரிந்தாலோ விறைத்திருந்தாலோ அதைத் தூக்கிப் போடுங்கள். ஹோஸ் பெட்டியின் சூடான உள் தகட்டைத் தொடாமல் வளைந்து விழ வேண்டும். இரண்டு முனையிலும் உலோகக் கிளிப் போட்டு முறுக்க வேண்டும், கம்பி சுற்றுவது போதாது.

ரெகுலேட்டரைப் பூட்டுமுன் வால்வின் உள்ளே விரலை விட்டு இறப்பர் வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். அது கிழிந்திருந்தாலும் கழன்றிருந்தாலும் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரெகுலேட்டர் சரியாக உட்கார்ந்தால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு மெல்ல மேலே இழுத்தாலும் அசையாது.

அடுத்தது சவர்க்காரத் தண்ணீர். 2021 இறுதியில் நாடெங்கும் கேஸ் அடுப்பு வெடிப்புகள் நடந்த நாட்களில் பல வீடுகள் இதைப் பழகிக்கொண்டன. அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. ஒரு பழைய பல்துலக்கியால் வால்வின் கழுத்து, ரெகுலேட்டரின் அடி, இரண்டு கிளிப், ஹீட்டருக்குள் ஹோஸ் நுழையும் இடம் ஆகியவற்றில் பூசி, கேஸைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்திருங்கள். கசிவு சின்னதாக இருந்தால் பெரிய குமிழி வராது. கடுகளவு நுரை ஒரே புள்ளியில் மெல்ல மெல்லக் குவியும், துடைத்தால் மறுபடியும் அதே புள்ளியில் குவியும். கண்டதும் மூடுங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது கூடவே கூடாது. கேஸ் காற்றைவிடப் பாரமானது. தரையோடு படர்ந்து படிக்கட்டின் கீழும் கட்டிலின் கீழும் தேங்கும். மணம் வந்தால் லைட் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறந்து, தரை மட்டத்தில் காற்று ஓடவிடுங்கள்.

வைக்கும் இடம்: சமமான தரை, சில்லுப் பூட்டுப் போட்டு. முதுகுக்கும் சுவருக்கும் ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள். முன்பக்கம் கதிரை, திரைச்சீலை, கட்டில் எதுவும் ஒன்றரை மீற்றருக்குள் வேண்டாம். ஈர உடுப்பைக் காயப்போடுவதற்கு இதைவிட மோசமான இடமில்லை. வாசலுக்கு நேரே வைத்தால் காற்று அடித்துப் பைலட் அணையும், வெளியே ஓடவும் வழி மறிக்கும். எதிரெதிர்ச் சுவர்களில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக நிரந்தரக் காற்று வழி வேண்டும். 4.2 கிலோவொட் பெட்டிக்குக் கீழும் மேலும் 105 சதுர சென்ரிமீற்றர் வீதம் என்று கையேடுகள் கேட்கும். ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் சதுரத் துவாரம் இரண்டு. அது இல்லையென்றால் ஜன்னலை இரண்டு அங்குலம் திறந்து வைத்துத்தான் எரிக்க வேண்டும். பனிக்காற்று வருகிறது என்று அதை மூடினால் ஹீட்டரையும் அணைத்துவிடுங்கள்.

பற்றவைப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். குமிழைப் பைலட் குறிக்குத் திருப்பி உள்ளே அழுத்துங்கள். புதுச் சிலிண்டர் போட்டால் ஹோஸில் நிற்கும் காற்று வெளியேற அரை நிமிஷமாவது ஆகும். அழுத்தியபடியே பொறி பொத்தானைத் தட்டுங்கள். பைலட் பற்றியதும் கையை எடுத்தால் அணையும், ஏனென்றால் தெர்மோகப்பிள் (சூடாக இருந்தால்தான் கேஸைத் திறந்து வைக்கும் உணரி) இன்னும் சூடாகவில்லை. இன்னும் 20 முதல் 30 விநாடி அழுத்தியபடி இருங்கள்.

குனிந்து அந்தப் பைலட்டை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். நல்ல பைலட் தெளிந்த நீலமாக, சிறு சீழ்க்கையோடு நிலையாக நின்று தெர்மோகப்பிளின் நுனியைச் சுற்றி வளைக்கும். மஞ்சளாகச் சோர்ந்து மேலே வளைந்தால் அதன் காற்றுத் துவாரத்தில் தூசி அல்லது சிலந்தி நூல் இருக்கிறது. ஏப்ரல் சீசன் முடிந்து அடுத்த மார்கழிவரை மூலையில் கிடந்த பெட்டிகளில் இது வழக்கம். குளிர்ந்த நிலையில் சைக்கிள் பம்பால் ஊதினால் பெரும்பாலும் சரியாகும். ஊசியால் குத்த வேண்டாம், துவாரம் பெரிதாகிவிடும். தட்டுகள் சமமாகச் செம்மஞ்சளாகக் கனல வேண்டும். ஒரு மூலை மட்டும் கறுத்துக் கிடந்தாலோ, தட்டுக்குப் பின்னால் 'பட்' என்று சுடர் உள்வாங்கினாலோ தட்டில் வெடிப்பு விழுந்திருக்கும். அது மாற்றும்வரை பெட்டி வேலைக்கு ஆகாது.

நடுவில் தானாக அணைந்தால், உடனே மறுபடி பற்றவைக்காதீர்கள். கதவை அகலத் திறந்து கால் மணித்தியாலம் விடுங்கள். ஒட்சிசன் 18 வீதம் அளவுக்கு இறங்கியதை உணர்ந்துதான் அந்தப் பைலட் அணைந்திருக்கலாம். தெர்மோகப்பிளை வளைத்தோ கம்பி கட்டியோ இந்தப் பாதுகாப்பை ஏமாற்றித் தரும் திருத்துநர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்த பெட்டியை இனாமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். இன்னொன்று: அந்தப் பைலட் அளப்பது ஒட்சிசனை மட்டும்தான், காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவை அல்ல. ஒரு தட்டு அரைகுறையாக எரிந்தால் அறையில் ஒட்சிசன் போதுமான அளவு இருக்கும்போதே நஞ்சு சேரும்.

சிலிண்டர் எவ்வளவு நாள் வரும்? மூன்று தட்டும் எரிந்தால் மணிக்கு 300 கிராம் அளவு போகும், 12.5 கிலோ சிலிண்டர் ஏறத்தாழ 41 மணித்தியாலம். ஒரு தட்டு என்றால் 120 மணித்தியாலத்துக்கு மேல். மலைக் குளிரில் சிலிண்டர் அரைவாசிக்குக் கீழே போனதும் சுடர் தளர்வதுண்டு. சிலிண்டர் கேஸில் உள்ள பியூட்டேன் சுழியத்துக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும், கேஸ் இழுக்க இழுக்கச் சிலிண்டர் இன்னும் குளிரும். சிலிண்டரின் உடம்பில் பனி பூத்தால் ஒரு தட்டை அணைத்துப் பாரத்தைக் குறையுங்கள். சுடுதண்ணீர் ஊற்றுவதோ, சிலிண்டரை ஹீட்டர் முன்னால் உருட்டி வைப்பதோ உயிராபத்து.

விற்பவர்கள் வாயே திறக்காத குறை ஈரம். 1 கிலோ கேஸ் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வரும். முழு வலுவில் மூன்று மணித்தியாலம் எரித்தால் கிட்டத்தட்ட ஒன்றரை லீற்றர். ஏற்கெனவே பூஞ்சணம் பிடிக்கும் நுவரெலியாச் சுவர்களுக்கு அது நல்லதல்ல. காலையில் கண்ணாடி வியர்த்திருந்தால் காற்று வழி போதவில்லை என்று கொள்ளுங்கள்.

மண்ணெண்ணெய்த் திரி ஹீட்டர்களோடு ஒப்பிட்டால் கேஸ் பெட்டி பரவாயில்லை. மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபின் அதன் மலிவு போய்விட்டது. ஜப்பானியத் திரி ஹீட்டர்கள் கந்தகம் மிகக் குறைந்த எண்ணெய்க்குச் செய்யப்பட்டவை. வேறு எண்ணெயில் திரியின் நுனி கரி பிடித்து இறுகும், பற்றவைக்கும்போதும் அணைக்கும்போதும் மணக்கும். எப்படியும் வாங்குவதென்றால், வெளியில் வைத்து, ஆறிய நிலையில் மட்டும் எண்ணெய் நிரப்பி, பிறகு திரி ஊற அரை மணித்தியாலம் கொடுங்கள். பெற்றோல் ஒரு துளி கலந்தாலும் தீ கையை மீறும்.

இவை இரண்டையும்விட ஆபத்தானது காசு செலவில்லாத ஒன்று. கவ்வாத்து மிலார் (வெட்டிய தேயிலைக் குச்சி) எரிந்த தணலைச் சட்டியில் அள்ளி, கதவைச் சாத்திக்கொண்டு குளிர் காய்வது. தணலில் புகை அடங்கிவிட்டதால் ஆபத்தும் அடங்கிவிட்டது என்று நம்புகிறார்கள். புகையில்லாத தணல்தான் காபனோரொட்சைட்டை அதிகம் கக்கும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தணல் சட்டி இஸ்தோப்போடு (வெளித் திண்ணையோடு) நிற்கட்டும். காம்பராவுக்குள் கம்பளியும், மூடி இறுகிய சுடுதண்ணீர்ப் பையும் போதும்.

ஹீட்டர் வாங்கும் காசில் ஒரு பகுதியைக் காபனோரொட்சைட்டு அலாரத்துக்கு ஒதுக்குங்கள். ஈ.என். 50291 என்ற ஐரோப்பியத் தரம் உள்ளது 300 பி.பி.எம். (காற்றின் பத்து இலட்சம் பங்கில் 300 பங்கு) அளவில் மூன்று நிமிஷத்துக்குள் அலறும், 50 பி.பி.எம். என்றால் ஒன்று முதல் ஒன்றரை மணித்தியாலத்துக்குள். அதை ஹீட்டரிலிருந்து 1 முதல் 3 மீற்றர் தள்ளி, ஆள் மூச்சுவிடும் உயரத்தில் வையுங்கள். கேஸ் கசிவு அலாரம் வேறு, அது தரையோரம் இருக்க வேண்டும். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. ஒரே அறையில் இருந்த இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போலத் தலையிடி, குமட்டல், கால் தள்ளாட்டம் வந்தால் தடிமன் என்று படுக்கவைக்காதீர்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், ஹீட்டர் எரிந்ததைச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி இந்த நஞ்சில் 98 என்று நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும், வைத்தியசாலையில் இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும்.

பழைய பெட்டி வாங்குபவர்கள் கடையிலேயே எரித்துக் காட்டச் சொல்லுங்கள். பைலட்டை எரியவிட்டு, அதை ஊதி அணைத்தால் ஒன்றரை நிமிஷத்துக்குள் உள்ளே வால்வு 'டிக்' என்று மூட வேண்டும். மூடவில்லையென்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பெயர்த்தகடு பிடுங்கப்பட்ட பெட்டியும் அப்படித்தான். அழுத்தமும் வலுவும் தெரியாமல் ரெகுலேட்டரையும் தெரிவுசெய்ய முடியாது, அறையையும் அளக்க முடியாது.