93 மார்க்கும் 'மொட்டு' நிலையும்: பெற்றோருக்கு எது உதவுகிறது?

காலாண்டு விடுமுறைக்கு ஏற்காட்டில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். என் மகளும் தம்பி மகனும் மூன்றாம் வகுப்பு. அவள் சேலத்தில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் படிக்கிறாள். அவன் நாகலூர்ப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறான். மகளுக்குக் கணக்கில் 93. தம்பி மகனைப் பற்றி, தமிழில் 'மொட்டு' நிலையில் இருக்கிறான் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

"மூணாவது படிக்கிறான், ரெண்டாவது அளவுலதான் இருக்கானாம்க்கா" என்று தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னான். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

திண்ணையில் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 502-ல் 178 போனால் எவ்வளவு என்று கேட்டேன். மகள் மளமளவென்று 476 என்று எழுதினாள். எனக்குத் தவறே தெரியவில்லை. காபிப் பழம் பறித்துத் தினமும் கிலோக் கணக்குப் பார்க்கிற தம்பி மனைவிதான் கண்டுபிடித்தாள்: "அந்த விடையோட 178-ஐக் கூட்டுனா அறுநூறைத் தாண்டிருமே அண்ணி." அடுத்து 604-ல் 257. அதற்கு 453 என்று எழுதினாள். இரண்டு முறையும் ஒரே தவறுதான். மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல், ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துக்கொண்டே போகிறாள். நடுவில் பூஜ்ஜியம் வந்தால் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை. 875-ல் 432 கொடுத்தால் சரியாகப் போடுகிறாள்.

அந்த 93-க்குள் இது ஒளிந்திருந்தது. அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எனக்கு இது தெரியாது. என் மகளைப் பற்றி 93 எனக்குச் சொன்னதைவிட, தம்பி வெட்கப்பட்ட அந்த 'மொட்டு' அவன் மகனைப் பற்றி அவனுக்கு அதிகமாகச் சொல்லியிருந்தது. அதனால்தான் இந்த அலசல்.

முதலில் மார்க்கும் ரேங்க்கும். நாமெல்லாம் வளர்ந்த முறை. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு, ஒவ்வொன்றுக்கும் அப்பா கையெழுத்து. எளிதில் புரியும் என்பதுதான் இதன் பலம். பாட்டிக்குக்கூட விளக்க வேண்டாம். ஆனால் அது சொல்வது, மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் நம் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை மட்டும். எங்கள் வீட்டில் வெள்ளிக் கொலுசு வேலை. 'டச் எத்தனை?' என்று வெள்ளியின் தரத்தை வியாபாரி கேட்பார், அவருக்கு அது போதும். பழுது பார்க்க வந்த கொலுசை வாங்கும்போது டச்சையா பார்ப்போம்? எந்த இடத்தில் பற்றவைத்தது விட்டிருக்கிறது என்றுதான் விரலால் தடவிப் பார்ப்போம். எட்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது அந்த விரல்தான்.

ஐந்தாம் வகுப்புக்கே பொதுத்தேர்வு என்று 2019 செப்டம்பரில் அரசாணை வந்ததும், பத்து வயதுப் பிள்ளைகளுக்கு டியூஷன் தேடி அலைந்த பெற்றோர்களை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். 2020 பிப்ரவரியில் அதை ரத்து செய்தார்கள். நல்லதுதான்.

அடுத்தது கிரேடு. 2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது கூடவே வந்தது. வகுப்பில் அவ்வப்போது பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவத் தேர்வான தொகுத்தறிக்கு 60, மொத்தத்தைப் பார்த்து ஏ1 முதல் இ2 வரை. நோக்கம் அருமையானது. ஒரே நாள் பரீட்சையை வைத்துப் பிள்ளையை எடைபோடக் கூடாது, செயல்பாடு, பேச்சு, படம், பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது. புத்தகமும் மூன்றாகப் பிரிந்து பை எடை குறைந்தது. ஆனால் என் மூத்தவன் நான்காவது படித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். இரவு பத்து மணிக்கு நான் உட்கார்ந்து பறவைப் படங்களை வெட்டி சார்ட்டில் ஒட்டினேன், அவன் தூங்கிவிட்டான். செயல்பாட்டுக்கு 20-க்கு 20. வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு அதே 20. இப்படிச் சேர்ந்த மார்க்கோடு வந்த ஏ1-ல் அவன் பங்கு எவ்வளவு, என் கத்தரிக்கோல் பங்கு எவ்வளவு? அப்புறம், 91-ம் ஏ1தான், 100-ம் ஏ1தான். ரேங்க் போட்டி குறைந்தது உண்மை. இருந்த கொஞ்சநஞ்சத் தகவலும் சேர்ந்து குறைந்தது.

தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்கிற முன்னேற்ற அட்டையில், ஆசிரியரோடு சேர்ந்து பிள்ளையே தன்னை மதிப்பிட வேண்டும், கூடப் படிப்பவர்களும் மதிப்பிட வேண்டும். 'எனக்கு இது கடினமாக இருக்கிறது' என்று பிள்ளை வாயாலேயே வருவது பெரிய விஷயம். வெறும் சிரித்த முகத்துக்கு நேரே டிக் அடிப்பதோடு முடிந்தால் பயனில்லை.

மூன்றாவதுதான் அரும்பு, மொட்டு, மலர். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. ஒன்றாம் வகுப்பு அளவு அரும்பு, இரண்டாம் வகுப்பு அளவு மொட்டு, மூன்றாம் வகுப்பு அளவு மலர். எந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும், பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து பாடம் தொடங்கும். எனக்கு இதில் பிடித்தது, பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடுவதே இல்லை என்பது. வாசிக்கத் தெரிய வேண்டியவற்றோடு மட்டும்தான் ஒப்பீடு.

குறையும் இருக்கிறது. நிலையை ஆசிரியர் செல்போன் செயலியில் பதிகிறார், அது மேலே போகிறது. கீழே பெற்றோருக்கு வருவது அந்த ஒற்றைச் சொல், அதுவும் டீச்சர் சொன்னால்தான். மலையில் சிக்னல் தேடிப் பதிவேற்றும் நேரம் பிள்ளைகளின் நேரம். இன்னொன்று, விளக்கம் இல்லாமல் சொன்னால் 'மொட்டு' என்பதும் ஒரு ரேங்க் ஆகிவிடும். தம்பி குரலைத் தாழ்த்தியது அதனால்தான்.

அவனோடு டீச்சரைப் பார்க்கப் போனேன். அவர் பேசவே இல்லை, பையனிடம் அவன் பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து, "எங்க கண்ணு, அத்தைக்கு வாசிச்சுக் காட்டு" என்றார். 'மரம்', 'கடல்', 'பட்டம்' எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன. 'கொக்கு' என்பதைக் 'கோக்கு' என்றான், 'தேன்' என்பதைத் 'தென்' என்றான். "பார்த்தீங்களாம்மா, எழுத்து தெரியுது, குறில் நெடில் கொம்புலதான் தடுமாறுறான். வீட்ல கெ கே, கொ கோ வர்ற சொல்லா பத்து நாள் வாசிக்க வைங்க" என்றார். மொத்தம் பத்து நிமிடம். மார்க், கிரேடு, மொட்டு மாதிரி நிலை, இது என்ற நான்கு முறையில் என் ஓட்டு இதற்குத்தான்: பெற்றோர் கண்முன்னே பிள்ளை வாசிப்பது, கணக்குப் போடுவது, எதில் தடுக்கிறது என்று ஆசிரியர் ஒரு வரி சொல்வது.

இது புதிதும் இல்லை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் கொண்டுவரும் அசர் (ASER) ஆய்வில், தன்னார்வலர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய் எழுத்து, சொல், பத்தி, கதை என்று வாசிக்கச் சொல்கிறார்கள். கதையே இரண்டாம் வகுப்பு அளவுதான். பழைய இரண்டாம் வகுப்புப் புத்தகம் இருந்தால் நாமும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

நடைமுறைச் சிக்கல் தெரியாமல் சொல்லவில்லை. 25 பிள்ளைகளுக்குப் பத்துப் பத்து நிமிடம் என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல். ஒரே நாளில் முடியாது, நாளைக்கு ஐந்து பேர் என்று ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். மலையில் பழம் பறிப்பு மும்முரமாக இருக்கும் நவம்பர், டிசம்பரில் கூப்பிட்டால் தாய்மார்களுக்கு ஒரு நாள் கூலி போகும். அக்டோபரிலேயே கூப்பிடுவதும், சாயங்காலம் வைப்பதும் நல்லது. மார்க் அட்டையை ஒழிக்கச் சொல்லவில்லை, அட்டையோடு இந்தப் பத்து நிமிடமும் வேண்டும் என்கிறேன்.

மலை இறங்கும்போது தம்பி மகனும் எங்களோடு சேலம் வந்தான். இருபது வளைவிலும் பலகையை வாசித்துக்கொண்டே வந்தான். முதல் பலகையில் 'கோண்டை ஊசி' என்றான். அடிவாரம் நெருங்கும்போது 'கொண்டை' என்று சரியாக வந்தது.

ஊர் திரும்பியதும் மகளின் டைரியில், கணக்கு விடைத்தாளை ஒரு நாள் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியுமா என்று எழுதினேன். மூன்றாம் நாள் வந்தது. போன 7 மார்க்கும் நடுவில் பூஜ்ஜியம் வந்த கழித்தல்களில். இப்போது ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால், பட்டறைக் கொலுசு மணிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, நூறைப் பிரித்துக் கடன் வாங்கப் பழகுகிறோம்.