ஆண் பாம்பு, பெண் பாம்பு: குலசேகரம் அருகே ஒரு பாம்புக்கடி வகுப்பு

குலசேகரத்துக்கு அருகே நான் பால் வெட்டும் ரப்பர்த் தோட்டத்தில், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாம்புக்கடி பற்றிய இரண்டு மணி நேர வகுப்பு நடைபெற்றது. தலைக்கு நூறு ரூபாய் கட்டணம். பாதியைத் தோட்ட உரிமையாளர் ஏற்றுக்கொண்டார்.

'சாரைதான் ஆண், நல்ல பாம்புதான் பெண். ஆணுக்கு விஷம் கிடையாது' என்று எங்கள் ஊரில் தலைமுறையாகச் சொல்லப்படுவதை ஒரு மூத்த தொழிலாளி எழுந்து கேட்டபோது, பயிற்றுநர் நகைக்கவில்லை. சாரை விஷமற்ற தனி இனம் என்றும், நல்ல பாம்பில் ஆணும் பெண்ணும் உண்டு, இரண்டுமே விஷமுள்ளவை என்றும், பின்னிப் பிணைந்து நிமிரும் இரு சாரைகள் பெரும்பாலும் மல்லுக்கு நிற்கும் இரு ஆண்களே என்றும் படங்களுடன் விளக்கினார். பொதுவாக ஆணின் வால் சற்று நீண்டு, உடலோடு சேரும் இடத்தில் தடித்திருக்கும் என்பதையும் அங்கேதான் அறிந்தேன்.

வகுப்பின் சிறந்த பகுதி அதற்குப் பின் வந்தது. பிரேசிலின் ஜராராக்கா என்னும் குழிவிரியனில் (கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே சிறு குழி உள்ள விரியன் வகை), ஒரே தாய்க்குப் பிறந்த 18 பாம்புகளின் விஷத்தை ஒப்பிட்டு 2006இல் வெளியான ஆய்வில், ஆணின் விஷத்துக்கும் பெண்ணின் விஷத்துக்கும் புரத அமைப்பிலேயே வேறுபாடு காணப்பட்டது. அவ்வினத்தில் ஆணின் விஷம் இரத்தக்கசிவை உண்டாக்குவதிலும், பெண்ணின் விஷம் இரத்தத்தை உறையச் செய்வதிலும் முந்துகிறது. உடல் பெரிதாக இருப்பதால் பெண்ணிடம் கிடைக்கும் விஷத்தின் அளவும் மிகுதி. இதை அப்படியே நம் கண்ணாடி விரியனுக்கும் பொருத்திவிடக் கூடாது என்று அவர் இரண்டு முறை வலியுறுத்தியதை நான் பாராட்டுகிறேன். கேட்பவரை மிரட்ட எண்ணும் பேச்சாளர் அந்த எச்சரிக்கையைத்தான் முதலில் விட்டுவிடுவார்.

கடிபட்டவருக்கு இந்த வேறுபாட்டால் என்ன பயன் என்று நான் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். மருத்துவர் இரண்டு மில்லி இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் அசையாமல் வைத்து, அது உறைகிறதா, விஷத்தால் உறையாமல் போகிறதா என்று பார்ப்பாரே தவிர, கடித்தது ஆணா பெண்ணா என்று கேட்கமாட்டார். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை என்பதால், குழந்தைக்கும் பெரியவருக்கும் விஷமுறிவு மருந்தின் அளவு ஒன்றே என்பது பலருக்கும் புதிய செய்தியாக இருந்தது.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உதிர்ந்த இலைகளுக்கிடையே கிடக்கும், மூக்கு நுனி மேல்நோக்கி எழுந்த சிறிய குழிவிரியன் அந்த நான்கில் சேராதது. அதன் கடி சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது. விடியுமுன் தலைவிளக்குடன் சருகின்மேல் நடக்கும் எங்களுக்கு அதைப் பற்றித்தான் அரை மணி நேரமேனும் பேசியிருக்க வேண்டும். ஒரே ஒரு படம் காட்டப்பட்டது. அதற்குள் கட்டன் சாயாவும் பழம்பொரியும் வந்துவிட்டன. கையில் எடுத்துச்செல்ல ஒரு தாளும் தரப்படவில்லை.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். அந்தக் குழிவிரியனுக்கு உரிய நேரத்தை ஒதுக்குவதாக இருந்தால், அடுத்த வகுப்புக்கு முழுக் கட்டணத்தையும் நானே செலுத்தி வருவேன்.