திறக்காத 43 ஒலிக்கோப்புகளும் எஃப்எஃப்எம்பெக்கும்

எனக்குப் பள்ளியில் புவியியல் எடுத்த சார், ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான ராமேசுவரத்துக்குப் போய்விட்டார். 2004, 2005 இரண்டு வருடமும் அங்கே மீனவப் பெரியவர்களின் பேச்சைக் கைக்கு அடக்கமான ஒரு ரெக்கார்டரில் பதிவு செய்திருக்கிறார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன இரவு, வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள், எந்தக் காற்றில் கடலுக்குப் போகலாம், எதில் கூடாது என்ற கணக்கு, எல்லாம் அதில் இருக்கிறது. மொத்தம் 43 கோப்புகள், ஏறக்குறைய 31 மணி நேரம். பேசியவர்களில் பலர் இன்று இல்லை. போன மாதம் பார்க்கப் போனபோது ஒரு சிடியைக் கையில் கொடுத்து, "எதுல போட்டாலும் பாட மாட்டேங்குதும்மா" என்றார்.

கோப்புப் பெயரின் கடைசியில் டி.எஸ்.எஸ். (டிஜிட்டல் ஸ்பீச் ஸ்டாண்டர்டு என்ற ஒலி வடிவம்) என்று இருந்ததைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. திருச்சியில் ஆறு வருடம் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்த்தவள் நான். நோயாளிகளைப் பற்றி அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்த டிக்டேஷன் எங்களுக்கு இந்த வடிவத்தில்தான் நிறைய வரும். காலால் பெடலை மிதித்து நிறுத்தி, ஓட்டி, தட்டச்சு செய்வோம். கிரண்டிக், பிலிப்ஸ், ஒலிம்பஸ் மூன்றும் சேர்ந்து 1990களில் கொண்டுவந்த வடிவம் இது. பேச்சுக்காகவே செய்தது. ஒரு மணி நேரப் பேச்சு சுமார் 6 எம்பியில் அடங்கிவிடும். அதே பேச்சை சிடி தரத்தில் வைத்தால் 600 எம்பியைத் தாண்டும். அன்றைய இணைய வேகத்துக்கு இது பெரிய வரம்தான். ஆனால் சாதாரண பாட்டு பிளேயர்கள் இதைத் திறப்பதில்லை. பெரும்பாலும் ரெக்கார்டரோடு வந்த மென்பொருள்தான் வேண்டும்.

சாரிடம் அந்த மென்பொருள் இருந்தது, விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது. என் லேப்டாப்பில் நிறுவவே முடியவில்லை. அதற்கு முன் சார் ஒரு கடையில் கொடுத்துப் பார்த்திருக்கிறார். கோப்புக்கு 400 ரூபாய் கேட்டு, மாதிரிக்கு ஒன்றை மாற்றிக் கொடுத்தார்களாம். ஸ்பீக்கரில் ஓடவிட்டு போனில் பிடித்த பதிவு அது. பின்னால் ஆட்டோ ஹாரன் கேட்கிறது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

சரி, எஃப்எஃப்எம்பெக்குக்கு வருகிறேன். ஒலி, வீடியோ கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் இலவச, திறமூல மென்பொருள் (மூலநிரலை யாரும் பார்க்கலாம்). பொத்தான், ஜன்னல் எதுவும் கிடையாது, கட்டளையைத் தட்டித்தான் வேலை வாங்க வேண்டும். பழகாதவர்கள் பயப்படத் தேவையில்லை, உள்ளே போகும் கோப்பின் பெயர், வெளியே வரவேண்டிய கோப்பின் பெயர், அவ்வளவுதான் கட்டளை. ஒரு மணி நேரக் கோப்பு சில நொடிகளில் எந்த பிளேயரிலும் பாடக்கூடிய வேவ் ஆக மாறி வந்து நின்றது. முதல் கோப்பில், "தம்பி, அந்த மெஷினைக் கொஞ்சம் தள்ளி வைய்யி" என்று ஒரு பெரியவரின் குரல் கேட்டதும் நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

நிரல் எழுதும் என் தம்பி, இதன் மூலநிரலைத் திறந்து காட்டினான். கோப்பு 512 பைட் கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒலி உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் முதல் 6 பைட் தலைப்பு, அதாவது அந்தக் கட்டத்தைப் பற்றிய குறிப்பு, மிச்சம்தான் ஒலி. தரம் கூடுதலான எஸ்.பி. முறையில் 264 மாதிரிகள் (ஒலியை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்த அளவுகள்) சேர்ந்தது ஒரு துண்டு, அதாவது விநாடியில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. அந்தத் துண்டு ஒரு கட்டத்தில் தொடங்கி அடுத்ததில் முடியலாம், நடுவில் வரும் தலைப்பை ஒலி என்று நினைத்துப் படித்தால் வெறும் கரகரப்புதான் வரும். போதாததற்கு, சில துண்டுகளில் பைட்டுகள் இடம் மாறி வேறு கிடக்கின்றன. இத்தனையையும் பொறுமையாகப் பிரித்து எழுதி, இலவசமாகவும் கொடுத்தவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. கோப்பின் தலைப்பில் இருந்த தேதி, பதிவு செய்தவர் பெயர், குறிப்பு எல்லாவற்றையும்கூட இது எடுத்துக் காட்டுகிறது. எந்தப் பெரியவர் எந்த நாளில் பேசினார் என்ற குழப்பம் பாதி தீர்ந்தது அதனால்தான். மீதிப் பாதியில் ரெக்கார்டரின் கடிகாரமே தப்பு. பேட்டரி மாற்றிய பிறகு சார் நேரம் வைக்கவில்லை.

ஒலித் தரத்தை உள்ளபடி சொல்ல வேண்டும். எஸ்.பி. முறையில் பதிந்தவை விநாடிக்கு 11,025 மாதிரிகள், அதனால் 5,500 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கிடையாது. ழகரமும் ளகரமும் தெளிவாகப் பிரிந்து கேட்கின்றன, 'சோழகம்' என்று அவர்கள் சொல்வது அத்தனை அழகு. 'ஸ்' மட்டும் துணியால் மூடியதுபோல மங்கல். இடத்தை மிச்சப்படுத்தும் எல்.பி. முறையில் உள்ள ஒன்பது கோப்புகள் பழைய டெலிபோன் மாதிரி இருக்கின்றன. ஓர் அம்மா பாடிய அம்பாப் பாட்டு (மீனவர்களின் வேலைப் பாட்டு) அதில் மாட்டிக்கொண்டது, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஒலிக்கிறது. அது மென்பொருளின் குறையல்ல, பதியும்போதே போய்விட்டது. மாற்றுகிறவர்களுக்கு ஒன்று: வேவ் அல்லது ஃபிளாக் (ஒலியை இழக்காமல் சுருக்கும் வடிவம்) ஆக வையுங்கள். எம்பி3 ஆக்கினால் ஏற்கெனவே நசுங்கிய ஒலி இன்னொரு முறை நசுங்கும். மூலக் கோப்புகளையும் அழிக்காதீர்கள்.

அப்புறம், இதில் முடியாதது ஒன்று. 2009-இல் சார் வாங்கிய இரண்டாவது ரெக்கார்டரின் கோப்புகள் டி.எஸ்.2 வகை, டி.எஸ்.எஸ்.ஸுக்கு அடுத்து வந்த வடிவம். நான் வைத்திருக்கும் பதிப்பு அவற்றைத் திறக்கவில்லை. நல்லவேளையாக அந்த ரெக்கார்டர் இன்னும் ஓடுகிறது. அதன் இயர்போன் துளையிலிருந்து ஒரு கேபிளைப் போட்டு லேப்டாப்பில் பதிகிறோம். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை சாரும் நானும் இரண்டு கோப்புகளை முடித்தோம், இன்னும் ஐந்து இருக்கின்றன.