எடிட் மட்டும் மாத்தணும்னா ஃபைல்டைப்ஸ்மேன் போதும்

விண்டோஸ்ல ஒரு ஃபைலுக்கு ஓபன் வேற, எடிட் வேற. 'ஓபன் வித்' போய் ஆல்வேஸ் குடுத்தீங்கன்னா டபுள் கிளிக்ல எது திறக்குதோ அது மட்டும்தான் மாறும், ரைட் கிளிக்ல இருக்குற எடிட் அசையவே அசையாது. செட்டிங்ஸ் முழுக்க தேடினாலும் அதுக்குனு ஒரு இடம் கிடையாது. எக்ஸ்பில ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல ஃபைல் டைப்ஸ்னு ஒரு டேப் இருந்துச்சு, விஸ்டாவுல தூக்கிட்டாங்க. அந்த டேப் செஞ்ச வேலைய திருப்பி குடுக்குறதுதான் நிர் சோஃபர் எழுதின இந்த ஃபைல்டைப்ஸ்மேன். நிர்சாஃப்ட் சைட்ல ஃப்ரீ, ஜிப் ஃபைலா வரும், பிரிச்சு அப்படியே ஓட்டலாம், இன்ஸ்டால்லாம் வேணாம்.

எங்களுக்கு கடலூர், திருப்பாதிரிப்புலியூர். 2011 டிசம்பர் 30 தானே புயல பாத்த ஊர்ல யாரும் பேக்கப்ப லேசா எடுத்துக்க மாட்டாங்க. வீட்டு கம்ப்யூட்டர்ல ஒரு பேட் ஃபைல் (.bat, கமாண்டுகள வரிசையா எழுதி வெச்சு ஒரே தடவைல ஓட்டுற ஃபைல்) எழுதி வெச்சிருக்கேன், அப்பா அத டபுள் கிளிக் பண்ணா போதும், தேவனாம்பட்டினம் மாசி மகத்துல எடுத்த படம், வீட்டு பத்திரம் ஸ்கேன் பண்ணது எல்லாம் விண்டோஸ்லயே இருக்குற ரோபோகாப்பிங்கிற காப்பி கமாண்ட் வழியா வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு போயிடும். இப்ப பாருங்க, இந்த டபுள் கிளிக்க தொடவே கூடாது, தொட்டா அப்பாவுக்கு பேக்கப் ஓடாது. ஆனா நான் எடிட் குடுத்தா நோட்பேட் வேணாம், நோட்பேட்++னு தனியா இருக்குற டெக்ஸ்ட் எடிட்டர் வேணும், ஏன்னா அதுலதான் ரெம் வரியெல்லாம் (நமக்காக எழுதி வெக்கிற குறிப்பு) தனி கலர்ல தெரியும், எந்த வரில எந்த ஃபோல்டர் இருக்குனு பாத்தவுடனே புடிபடும்.

ஃபைல்டைப்ஸ்மேன ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்ல திறங்க, இல்லன்னா மாத்தினது சேவ் ஆகாது. மேல பேட் எக்ஸ்டென்ஷன செலக்ட் பண்ணா கீழ அதோட ஆக்‌ஷன் எல்லாம் வரிசையா வரும், ஓபன், எடிட், பிரிண்ட்னு. எடிட்ட திறந்து கமாண்ட் லைன்ல நோட்பேட் இருந்த இடத்துல நோட்பேட்++ஓட முழு பாத் (அந்த ப்ரோகிராம் டிஸ்க்ல இருக்குற இடம்) போட்டு பின்னாடி "%1" (நாம கிளிக் பண்ண ஃபைலோட பேர் வந்து உக்கார்ற இடம்) சேக்கணும். பாத்துக்கும் தனியா கொட்டேஷன், %1க்கும் தனியா கொட்டேஷன், ரெண்டும் கட்டாயம், ஏன்னா ப்ரோகிராம் ஃபைல்ஸ்னு ஃபோல்டர் பேர்லயே நடுவுல ஸ்பேஸ் இருக்கு, நம்ம ஃபைல் பேர்லயும் இருக்கலாம். பழைய கமாண்ட மொதல்லயே காப்பி பண்ணி எங்கயாவது ஒட்டி வெச்சுக்குங்க. ஓபன்ல "%1" %* னு மட்டும் இருக்கும், பாக்க அரைகுறையா தெரியும், ஆனா பேட் ஃபைல ஓட்டுறதே அதான், தயவுசெஞ்சு அதுல கை வெக்காதீங்க.

குறைன்னா, திறந்தவுடனே நூத்துக்கணக்குல எக்ஸ்டென்ஷன் வந்து கொட்டும், இத மாத்து அத மாத்தாதன்னு சொல்ல யாரும் இல்ல. புதுசா கம்ப்யூட்டர் கத்துக்குறவங்க கையில அப்படியே குடுக்க மாட்டேன், பக்கத்துல உக்காந்து காட்டுவேன். மத்தபடி ரொம்ப சின்ன சாஃப்ட்வேர், சொன்ன வேலைய செய்யுது, எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு.

படத்துக்கு மட்டும் நான் ஃபைல்டைப்ஸ்மேன எடுக்கல. விண்டோஸ் 10ல ஜேபெக்ல எடிட் குடுத்தா பெயிண்ட் வர்றதுக்கு காரணம் ஜேபெக்கோட சொந்த என்ட்ரி இல்ல, எல்லா படத்துக்கும் பொதுவா ஒரு இடம் இருக்கு, ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன்னோட செட்டிங்ஸ சேத்து வெக்கிற இடம்) ஹெச்கீ கிளாசஸ் ரூட், சிஸ்டம்ஃபைல்அசோசியேஷன்ஸ், இமேஜ், ஷெல், எடிட், கமாண்ட்னு வரிசையா இறங்கணும். அங்க பெயிண்டோட பாத்-ஐ எடுத்துட்டு, கிம்ப்ங்கிற ஃப்ரீ ஃபோட்டோ எடிட்டரோட பாத் போட்டேன், பாக்குறதுக்கு பழைய வ்யூவரே இருக்கு, எடிட் குடுத்தா கிம்ப் வருது. ஒரே இடம்ங்கிறதால பிஎன்ஜி, பிஎம்பி எல்லாத்துக்கும் சேத்தே மாறிடும், பிஎன்ஜிய மட்டும் பெயிண்ட்லயே விடணும்னு நெனைக்கிறவங்களுக்கு இந்த வழி சரிப்படாது.