ஃபைபர் என்றார்கள், கூரையில் தட்டை மாட்டினார்கள்

கோத்தகிரி பக்கம் புதிதாக நெட் போடப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் இதைப் படித்துவிடுங்கள்.

மே மாதம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். “அண்ணா, ஃபைபர் நெட். 100 எம்பி ஸ்பீடு. ஒரு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினா இன்ஸ்டலேஷன் ஃப்ரீ.” டெபாசிட்டோடு 9,900 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பணம் போனது ஒரு தனி ஆள் பெயருக்கு. அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் இரண்டு பேர் வந்து தகரக் கூரையில் ஒரு வெள்ளைத் தட்டை மாட்டி, எதிர்மலை டவரைப் பார்த்துத் திருப்பினார்கள். அதிலிருந்து லேன் வயர் ஜன்னல் வழியாக ரவுட்டருக்கு வந்தது.

“ஃபைபர் எங்கப்பா?”

“டவர் வரைக்கும் ஃபைபர்தான் அண்ணா.”

பொய் என்றும் சொல்ல முடியாது, பாருங்கள். டவரிலிருந்து என் கூரைத் தட்டுக்கு வருவதுதான் ரேடியோ அலை.

கோடையில் நன்றாகத்தான் ஓடியது. தென்மேற்குப் பருவக்காற்றை தொட்டபெட்டா மறித்துவிடுவதால் எங்களுக்கு நல்ல மழை ஐப்பசியில்தான். அது பிடித்ததும் நெட் படுத்துவிட்டது. எங்களுக்கும் டவருக்கும் நடுவே எஸ்டேட் சில்வர் ஓக் மரங்கள். தட்டு மாட்டியபோது கிளை கழித்து மொட்டையாக நின்றவை, இப்போது தழைத்துவிட்டன. இந்த ரேடியோ இணைப்புக்கு டவர் நேராகத் தெரிய வேண்டும். நனைந்த இலை சிக்னலை விழுங்கிவிடும். ஸ்பீடு டெஸ்டில் 3 எம்பிபிஎஸ் வந்தது. போன் செய்தால், “மழை விட்டா சரியாயிடும்ணா.” புகார் எண் கேட்டேன், அப்படி ஒன்று அவர்களிடம் கிடையாதாம்.

இதில் வேடிக்கை, அந்த 3 கூட பிராட்பேண்ட்தான். 2023 முதல் குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருந்தாலே அந்தப் பெயர் வைக்கலாம். அதற்கு முன்பு 512 கேபிபிஎஸ் போதும். அப்புறம், அவர்கள் சொல்லும் 100 என்பது மெகாபிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும்.

நிஜ ஃபைபர் என்றால் மெல்லிய கேபிள் வீட்டுக்குள்ளேயே வரும், உள்ளே முடி மாதிரி கண்ணாடி இழை. அது போய்ச் சேரும் பெட்டியில் ‘பான்’ விளக்கு பச்சையாக நின்று எரியும். இழை அறுந்தால் ‘லாஸ்’ சிவப்பாக மினுக்கும். கேபிள் உங்கள் கம்பம் வரை வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஜிஎஸ்டி பில் கையில் வாங்கிவிட்டு, முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். தட்டைக் கழற்றிக்கொண்டு டெபாசிட்டைத் தர “அடுத்த வாரம்” வருகிறார்களாம். மூன்றாவது அடுத்த வாரம் இது.