நிலவு சிவந்த இரவில் காணாமல் போன தளம்

என் இணையதளத்தை வைத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். அந்த ஒன்றும் இரவுப் பணியில் இருந்த ஓர் ஊழியருக்காக. அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வெறும் கண்ணாலும் சின்னத் தொலைநோக்கியாலும் வானம் பார்ப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு தளம் நடத்துகிறேன். வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் ஓடுகிறது. எந்த மாதம் எந்தக் கோள் எந்தப் பக்கம் தெரியும், இருகண் நோக்கி வாங்குவதா தொலைநோக்கி வாங்குவதா, இப்படிச் சுமார் 340 கட்டுரைகள். விளம்பரம் கிடையாது. நாளுக்கு 400 பேர் வந்தாலே அதிகம். 2024 பிப்ரவரியில் இந்த நிறுவனத்தில் 'அளவில்லாத' ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிரும் திட்டம்) எடுத்தேன். மூன்று ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், கட்டிவிட்டேன். முதல் ஓராண்டைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. எப்போதாவது பத்து நிமிடம் தளம் திறக்காது, அப்புறம் தானாக வந்துவிடும். 2025 ஜூன் வாக்கில்தான் ஏதோ சரியில்லை என்று பட்டது. அரை விநாடியில் திறந்த பக்கங்கள் மூன்று விநாடி எடுத்துக்கொண்டன. கேட்டதற்கு, "கேஷை அழித்துப் பாருங்கள், ப்ளகின்களைக் குறையுங்கள்" என்றார்கள். கேஷ் என்பது தற்காலிகச் சேமிப்பு, ப்ளகின் என்பது தளத்தில் சேர்க்கும் கூடுதல் நிரல். அழித்தேன், குறைத்தேன். மூன்று விநாடி மூன்று விநாடியாகவே இருந்தது.

2025 செப்டம்பர் 7 அன்று முழுச் சந்திர கிரகணம். ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று பெரும்பரப்பில் தெரிந்த கிரகணம் அது. நிலா முழுக்கப் புவியின் நிழலுக்குள் இருந்த நேரம் மட்டும் 82 நிமிடம். எங்களைப் போன்ற சின்னத் தளத்துக்கு ஆண்டில் ஒரு நாள் வரும் திருவிழா இது. இரண்டு வாரம் உட்கார்ந்து, எந்த நிமிடத்தில் என்ன தெரியும், எப்படிப் படம் எடுப்பது என்று ஒரு பக்கம் தயாரித்து வைத்திருந்தேன்.

சர்வதேச நேரப்படி 16:27க்கு நிலாவின் ஓரத்தில் கருப்பு ஏறத் தொடங்கியது. 16:50க்குத் தளத்தில் 508 பிழை. 'வள வரம்பு எட்டப்பட்டது' என்று ஒற்றை வரி, வெள்ளைப் பக்கத்தில். 19:50 வரை அதுவே. 17:30லிருந்து 18:52 வரை நிலா செம்பு நிறத்தில் நின்ற அந்த 82 நிமிடமும் என் தளத்தை ஒருவராலும் திறக்க முடியவில்லை.

அந்த நேரத்தில் நிறுவனத்தின் நிலவரப் பக்கத்தைத் திறந்தேன். 'எல்லாச் சேவைகளும் சீராக இயங்குகின்றன' என்று பச்சை விளக்கு. உரையாடல் பெட்டியில் வந்தவர், "உங்கள் தளத்துக்குக் கூட்டம் அதிகம், பெரிய திட்டத்துக்கு மாறுங்கள்" என்றார்.

'அளவில்லாத' திட்டத்துக்கு வரம்பு எப்படி வந்தது? இடத்துக்கும் டேட்டாவுக்கும்தான் அளவில்லை. ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகள் உள்ளே நுழையலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. என் கணக்கில் அது 20. கணக்கை நிர்வகிக்கும் சிபேனல் பக்கத்தின் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கிறது. வாங்கும் பக்கத்தில் இல்லை. 20 கவுண்டர் உள்ள இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கவுண்டரும் ஓர் ஆளை அனுப்ப மூன்று விநாடி எடுத்தால், நிமிடத்துக்கு 400 பேர்தான் போக முடியும். அரை விநாடியில் அனுப்பினால் 2,400 பேர். அன்று எனக்கு வந்தது நிமிடத்துக்கு 600 பேர் போல. கூட்டம் அதிகம் என்று அவர்கள் சொன்னது பாதிதான் உண்மை. ஜூனிலிருந்து அவர்கள் கவுண்டர்தான் ஆறு மடங்கு மெதுவாகிவிட்டது. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. அதே தளம், அதே ப்ளகின்கள், அதே படங்கள், இப்போது வேறு இடத்தில் அரை விநாடியில் திறக்கின்றன.

இத்தோடு முடிந்திருந்தால் கோபத்தோடு விலகியிருப்பேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 12 அன்று சர்வர் மொத்தமாகப் படுத்துவிட்டது. 26 மணி நேரம். நிலவரப் பக்கம் ஐந்து மணி நேரம் பச்சையாகவே இருந்துவிட்டு, பிறகு 'திட்டமிட்ட பராமரிப்பு' என்று மாறியது. இந்தச் சொல்லைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் 99.9 சதவீதம் இயங்கும் என்று உறுதி தருகிறார்கள். 30 நாள் மாதத்தில் அது 43 நிமிட நிறுத்தத்துக்குத்தான் இடம் கொடுக்கும். ஆனால் திட்டமிட்ட பராமரிப்பு அந்தக் கணக்கில் சேராது. பழுதுக்குப் பெயர் மாற்றினால் 26 மணி நேரம் காகிதத்தில் பூஜ்யம் ஆகிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தளம் திறக்கிறதா என்று பார்க்கும் ஒரு சேவையை நான் தனியாக ஓடவிட்டிருந்தேன். அதன்படி அந்த மாதம் நின்றது மொத்தம் 29 மணி நேரம். 95.97 சதவீதம். அனுமதித்த நிறுத்தத்தைப் போல் நாற்பது மடங்கு.

13ஆம் தேதி தளம் வந்தது. புதிய சர்வருக்கு மாற்றிவிட்டார்களாம். திறந்தால் ஒரு தமிழ் எழுத்தைக் காணோம்.

தமிழில் தளம் நடத்தும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எல்லா மொழி எழுத்தையும் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றே. தரவுத்தளத்தை ஏற்றும்போது இது லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறை) எழுத்து என்று தவறாகச் சொல்லிவிட்டால், ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகிவிடும். 'நிலா' என்ற சொல்லை அன்று உற்றுப் பார்த்தேன். நான்கு குறி, 12 துண்டாகக் கிடந்தது. ஒவ்வொரு மூன்றிலும் முதலில் தலைக்கு மேல் சாய்கோடு போட்ட ஓர் ஆங்கிலச் சின்ன எழுத்து, அடுத்து வட்டத்துக்குள் ஆர். மூன்றாவது மட்டும் மாறியது. நகரத்துக்கு இரட்டைப் புள்ளி, இகரக் குறிக்குத் தலைகீழான கேள்விக்குறி, லகரத்துக்கு மேலே தூக்கி எழுதிய 2, துணைக்காலுக்கு முக்கால் பின்னம். பார்க்கக் குப்பை மாதிரி இருந்தாலும் பைட் எதுவும் தொலையவில்லை. வந்த வழியே திருப்பினால் முழுத் தமிழும் திரும்பி வரும். இதை விளக்கி, என்ன கட்டளை கொடுக்க வேண்டும் என்பது வரை எழுதி, டிக்கெட் போட்டேன். 'உங்கள் ப்ளகின் காரணமாக இருக்கலாம்' என்று பதில் வந்தது.

காத்திருக்காமல் புதிதாக எழுதத் தொடங்கினேன். புதிதாகத் தட்டச்சு செய்தவை சரியாகவே சேர்ந்தன. 14ஆம் தேதி, கிரகணம் பார்த்தவர்கள் தாங்கள் கண்டதை எழுதுங்கள் என்று ஒரு பக்கம் திறந்தேன். முழு கிரகணத்தில் நிலா எவ்வளவு இருண்டது, என்ன நிறம் என்பதை 0 முதல் 4 வரை மதிப்பிடும் டான்ஜோன் அளவு என்று ஒன்று உண்டு. கருவி எதுவும் வேண்டாம், கண் போதும். அந்த மதிப்பெண்ணும் கேட்டிருந்தேன். எட்டே நாளில் 64 பேர் பின்னூட்டப் பெட்டியில் எழுதினார்கள். மேகம் விலகக் காத்திருந்தது, செங்கல் நிறமா மாதுளை முத்து நிறமா என்று வீட்டில் விவாதித்தது, எல்லாம் எழுதினார்கள். இத்தனை ஆண்டில் தளத்தில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் அதுதான்.

22ஆம் தேதி, கேட்காமல் கொள்ளாமல், நிறுவனம் 'சரி செய்தது'. தரவுத்தள அட்டவணை முழுவதையும் ஒரே போடாக லத்தீன்-1க்கு மாற்றினார்கள். சிதைந்திருந்த 340 கட்டுரைகளும் தமிழாகத் திரும்பின. சரியாக இருந்த புதிய எழுத்துகளுக்கு லத்தீன்-1 பட்டியலில் இடமே கிடையாது. இடமில்லாத எழுத்துக்குத் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போய்விடும். 'நிலா' இப்போது '????'. இதில் பைட்டும் இல்லை, தடயமும் இல்லை. 64 பேர் எழுதியதும் பக்கம் பக்கமாகக் கேள்விக்குறிகள். அவரவர் போட்ட எண்கள் மட்டும் நடுவில் நின்றன. ஒருவர் 3, ஒருவர் 2, ஒருவர் 3.

என் பங்குத் தவறையும் சொல்லிவிடுகிறேன். நான் மாதம் ஒருமுறைதான் காப்பு (பேக்கப்) எடுத்துவந்தேன். கடைசியாக எடுத்தது செப்டம்பர் 1. ஆனால் அவர்கள் விளம்பரத்தில் 'தினசரி காப்பு' இருந்தது. 21ஆம் தேதிக் காப்பைக் கேட்டேன். 'மீட்பு பின்னணியில் நடக்கிறது' என்றார்கள். இரண்டு நாள் அதே பதில், வேறு வேறு ஆட்களிடமிருந்து.

24ஆம் தேதி இரவு அந்த ஊழியர் வந்தார். கால் மணி நேரம் எதுவும் சொல்லாமல் பார்த்துவிட்டு எழுதினார்: "மன்னியுங்கள். சர்வரை மாற்றியபோது புதியதில் காப்பு அட்டவணை போடவில்லை. 12ஆம் தேதிக்குப் பின் எங்களிடம் எதுவும் இல்லை. கேள்விக்குறி ஆனவை திரும்ப வராது. இங்கே கேட்டு இன்னும் நேரத்தை இழக்காதீர்கள்." ஜூனிலிருந்து அந்த நிறுவனத்தில் எனக்குக் கிடைத்த முதல் நேரான பதில் இதுதான். எந்திரம் பழுதாவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்பவள் இல்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச்கிளவுட் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் எரிந்தே போனது. காப்பும் அதே வளாகத்தில் இருந்த பலர் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். அப்படியும் நடக்கும். ஆனால் 22ஆம் தேதியே யாராவது உண்மையைச் சொல்லியிருந்தால், எழுதியவர்களுக்கு நினைவு பசுமையாக இருந்தபோதே திரும்பக் கேட்டிருப்பேன்.

பின்னூட்டம் வந்தால் வேர்ட்பிரஸ் மின்னஞ்சலில் ஒரு பிரதி அனுப்புமே என்று கேட்பீர்கள். அனுப்பும். புதிய சர்வரின் ஐபி முகவரியை நூற்றுக்கணக்கான கணக்குகள் பகிர்ந்துகொள்கின்றன. அதில் யாரோ ஸ்பாம் அனுப்பி, முகவரி தடைப்பட்டியலில் ஏறியிருந்தது. என் அஞ்சல் சேவை அங்கிருந்து வந்த எதையும் உள்ளே விடவில்லை. 64இல் ஒன்றுகூட எனக்கு வந்து சேரவில்லை.

விலகியது தனிப் பாடு. முழுக் காப்புக் கோப்பு இரண்டு முறை பாதியில் நின்று மூன்றாம் முறைதான் முழுதாக இறங்கியது. தளத்தின் பெயரைச் சர்வர் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில், பழைய முகவரியை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல்லை 14,400 விநாடியிலிருந்து 300க்கு முந்தின நாளே குறைத்து வைத்ததால் மாற்றம் விரைவில் பரவியது. ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். டொமைனை மாற்றும் குறியீட்டைக் கேட்டபோது, "முதலில் உரிமையாளர் பெயரையும் மின்னஞ்சலையும் புதுப்பித்துவிடுங்கள்" என்றார்கள். .காம் போன்ற டொமைன்களில் அந்த விவரத்தை மாற்றினால், டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதிப்படி வேறு பதிவாளருக்கு மாற்ற 60 நாள் பூட்டு விழக்கூடும். தெரியாமல் சொன்னார்களா, தெரிந்தே சொன்னார்களா, எனக்குப் புரியவில்லை. நான் எதையும் தொடவில்லை. கேட்ட ஐந்து நாளுக்குள் குறியீட்டைத் தர வேண்டும் என்பதும் ஐகான் விதிதான். அதைச் சுட்டி எழுதிய மறுநாள் தந்துவிட்டார்கள்.

மீதிப் பணம் வரவில்லை. 'ஒரு மாதச் சேவை இலவசம்' என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதிய இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பரிந்துரைப்பது முறையில்லை. காப்பு மட்டும் இப்போது ஒவ்வொரு இரவும் வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்குப் போகிறது.

64 பேரில் 23 பேர் திரும்ப எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெரியவர், 82 நிமிடமும் பேத்தியோடு மொட்டைமாடியில் நின்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறத்தைத் தாளில் குறித்தவர். 17 குறிப்புகள். தளத்தில் ஏற்றியாகிவிட்டதே என்று தாளைத் தூக்கிப் போட்டுவிட்டாராம். இந்த முறை மூன்று வரிதான் அனுப்பியிருந்தார். "நடுவில் ஓரம் கொஞ்சம் நீலம் தட்டியது, அது எத்தனை மணிக்கு என்று இப்போது சொல்ல முடியவில்லை அம்மா" என்பது கடைசி வரி. அப்படியே போட்டிருக்கிறேன். மீதி 41 பேரில் யாராவது இதைப் படித்தால், நினைவில் இருப்பது ஒரு வரியானாலும் அனுப்புங்கள்.