படகில் மீன் கணக்கு எழுதும் சாமான்கள்: கடலூர் விசைப்படகுக்கு எது ஒத்துவரும்?

கடலூர் முதுநகர் துறைமுகத்திலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் ஆய்வாளர்களுக்காகக் கணக்கு எழுத முன்வரும் படகுகளுக்குப் பொதுவாக மூன்று சாமான்கள் தேவை: அளவுப் பலகை, தொங்கு தராசு, பதிவேடு. பலகைக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். தராசு பாதி வேலைக்குத்தான் உதவும். பதிவேடுகளில் பெரும்பாலானவை அப்படியே பயன்படுத்தத் தகுதியில்லாதவை.

கரையில் கணக்கு ஏற்கெனவே எடுக்கிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கெடுப்பாளர், தேர்ந்தெடுத்த நாளில் பகல் 12 மணி முதல் மாலை 6 வரையும், மறுநாள் காலை 6 முதல் பகல் 12 வரையும் துறையில் நின்று பதிவு செய்வார். இடைப்பட்ட இரவில் இறங்கிய மீனை விசாரித்து எழுதுவார். உருப்படியான முறை. ஆனால் மடி (இழுவலை) எத்தனை பாகத்தில் (ஒரு பாகம் சுமார் ஆறடி ஆழம்), எவ்வளவு நேரம் இழுபட்டது, எவ்வளவு மீன் கடலிலேயே கொட்டப்பட்டது என்பதெல்லாம் கரைக்குத் தெரியாது. அது டிரைவருக்கும் தொழிலாளிகளுக்கும்தான் தெரியும். அவர்கள் கைக்கு ஒத்துவருகிறதா என்பதே இந்தச் சாமான்களுக்கான சோதனை.

பலகையில் அளவு கோடுகள் செதுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒட்டுத்தாளில் அச்சடித்தது ஐஸும் உப்பும் பட்டுக் கழன்று, சில மில்லிமீட்டர் நகர்ந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும், யாரும் கவனிக்கமாட்டார்கள். மீன் மூக்கு முட்டும் தடுப்பின் உள்முகத்தில் சுழியம் சரியாகத் தொடங்குகிறதா என்று இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்த்தே வாங்குங்கள். 20 செ.மீ. கானாங்கெளுத்தியில் 1 செ.மீ. கூடினால் நீளத்தில் பிழை 5 சதவீதம்தான். எடை ஏறக்குறைய நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், கணக்கிடும் எடையில் அது 16 சதவீதத்தை நெருங்கும். கானாங்கெளுத்தி, சங்கரா, கத்தாழைக்கு 60 செ.மீ. பலகை போதும். வஞ்சிரத்துக்கு 1 மீட்டருக்கு மேல் வேண்டும். பலகைக்குப் பதில் டேப் வைத்தால், அதை உடம்பின் மேல் வளைத்துப் பிடிக்கும்போது நீளம் கூடுதலாக வரும். தரையில் நேராக விரித்து, அதன்மேல் மீனைக் கிடத்த வேண்டும்.

எங்கிருந்து எதுவரை அளப்பது என்பதைப் பலகையின் ஓரத்திலேயே எழுதி வைப்பது நல்லது. கானாங்கெளுத்தி, வஞ்சிரம், பாறைக்கு வால் பிளவு வரை. வாளைக்கு வால் நுனி அடிக்கடி ஒடிந்திருக்கும், அதனால் மூக்கிலிருந்து ஆசனத் துளை வரை. கணவாய்க்கு உடல் உறை மட்டும், கைகள் சேராது. நண்டுக்கு ஓட்டின் அகலம், திருக்கைக்கு உடல் தட்டின் அகலம். விறைத்து வளைந்துபோன மீன் குறைவாகக் காட்டும், ஆகவே விறைப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

டிஜிட்டல் தொங்கு தராசு, ஆடும் தளத்தில் ஒரு எண்ணில் நிற்காது. உப்புக்காற்றில் பேட்டரி முனைகள் பச்சை பூத்துவிடும். கடலில் கூடைக் கணக்காக எழுதிவிட்டு, கரையில் ஒவ்வொரு வகையிலும் நாலைந்து கூடைகளை நிறுத்து சராசரி எடுப்பதே நம்பத்தக்கது. வெறும் கூடையை ஈரத்தோடு நிறுத்துக் கழிக்க வேண்டும். ஐஸையும் உதறிவிட வேண்டும்.

பதிவேட்டுக்கு வருவோம். முதல் குறை, பயணத்துக்கு ஒரு வரிதான் இருக்கிறது. மடியை ஒருமுறை போட்டுத் தூக்குவது ஒரு பாடு; அந்தப் பாட்டுக்கு ஒரு வரி வேண்டும்: மடி போட்ட நேரம், தூக்கிய நேரம், இடம், பாகம், மடியின் கடைசிப் பையின் கண்ணி அளவு, நீரோட்டத்தின் திசை (வன்னியா தெண்டியா), வகைவாரியாகக் கூடை, கழிசல், கொட்டியது. ஒன்றும் விழாத பாட்டையும் எழுத வேண்டும். வெறும் பாட்டை விட்டுவிட்டால் மணிக்கு இவ்வளவு மீன் என்ற கணக்கு உயர்ந்து, கடலில் மீன் குறைவது மறைந்துபோகும்.

இரண்டாவது குறை ஜிபிஎஸ் கட்டம். கருவி 11 பாகை 42 நிமிடம் என்று காட்டுவதை 11.42 என்று எழுதினால், கணினி அதைத் தசமப் பாகையாக எடுத்துக்கொள்ளும். உண்மையில் அது 11.70. வித்தியாசம் 16.8 கடல் மைல்; கடலூர் முகத்துவாரத்தில் நின்ற படகு பிச்சாவரம் பக்கம் போய்விடும். பாகைக்கு ஒரு கட்டம், நிமிடத்துக்குத் தனிக் கட்டம் அச்சடித்தாலே தீர்ந்தது. நீர் படாத செயற்கைத் தாளும் பென்சிலும் இருக்கட்டும், பேனா வேண்டாம். கைபேசிச் செயலி ஈரக்கைக்கு ஆகாது. கரை சேர்ந்தபின் ஏற்றிக்கொள்ளலாம்.

மாதிரி எடுப்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் குறிப்பு இல்லாதது வருத்தம். குவியலின் மேலிருந்து அள்ளினால் கண்ணில் படும் பெரிய மீன்களே கைக்கு வரும். ரகம் பிரிப்பதற்கு முன் ஒரு கூடையை முழுசாக ஒதுக்கி, அதிலுள்ள எல்லாவற்றையும் அளக்க வேண்டும். அந்தக் கூடையின் எடையும், அந்தப் பாட்டின் மொத்த எடையும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால், அளந்த மீன்களிலிருந்து மொத்தப் பாட்டுக்கும் கணக்குப் போட வழியில்லை.

அளக்கும் ஆள் அந்த நேரம் ரகம் பிரிக்கும் வேலையில் இல்லை என்பதை ஆய்வாளர்கள் கூலியில் கணக்கிட வேண்டும். நார்வேயில் 2000-இல் தொடங்கிய குறிப்புப் படகுத் திட்டத்தில் மீனவர்களே அளந்து எழுதுகிறார்கள், அதற்கு ஈடும் பெறுகிறார்கள். இங்கே மட்டும் இலவசமாகக் கேட்பது நியாயமில்லை.

மீன்பாடு உள்ள இடம் வெளியே போய்விடுமோ என்ற பயமும் நியாயமானதே. அறிக்கையில் துல்லிய இடத்தைப் போடாமல், அட்சரேகை, தீர்க்கரேகையில் 10 நிமிடச் சதுரமாக மட்டும் காட்டுவோம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவேடு வாங்கும்போது கார்பன் நகல் தாள் உள்ளதா என்று பாருங்கள். ஒரு பிரதி படகிலேயே இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் ஆய்வாளர்களை உட்காரவைத்து, உங்கள் படகின் கணக்கை மாதவாரியாக வரைந்து கேளுங்கள். கட்டங்களைத் திருத்திப் புதுப் பதிவேடு அச்சடிக்கவும் அதுவே தோதான நேரம்.